மாலைக்கு முன்னே வழிச்செலவு

கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் பிரின்ஸிபால் கர்தேகர் 1952-ஆம் ஆண்டில் தமது வீட்டை ஈடு வைத்து 7,000 ரூபாய் கடன் வாங்கினார். நம் நாட்டில் வீட்டை ஈடு வைப்பது அபூர்வமன்று. பெண்ணின் கலியாணத்திற்காக வைப்பார்கள். கோர்ட்டு வழக்கிற்காக வைப்பார்கள். வட்டி ஏறிய பழைய கடனைத் தீர்ப்பதற்காகவும் வைப்பார்கள். கர்தேகர் வைத்தது இவற்றில் ஒன்றுக்காகவுமன்று. தம் கல்லூரியில் படித்த கிராமத்துப் பிள்ளையொருவர் பின்லாந்து தேசத்துத் தலைநகரான ஹெல்ஸிங்கிக்குச் சென்று, உலகத்து மல்லர்களோடு கை கலக்க வேண்டுமென்பதற்காக வைத்தார்.

அந்தப் பிள்ளையின் பெயர் காஷாபா தாதாசாகேப் ஜாதவ். அவ்வாண்டு ஜூலை 23-ந் தேதி முடிவுற்ற ஒலிம்பிக் மல்யுத்தத்தில், 57 கிலோ எடைப் பிரிவில், அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். சுதந்திர இந்தியாவின் பேரால் தனி மனிதர் ஒருவர் ஒலிம்பிக் பந்தயத்தில் ஈட்டிய முதற் பதக்கம் அதுவே. பதக்கத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஈட்டுப் பத்திரத்தை மறந்துவிட்டோம். பதக்கம் பிறந்தது அந்தப் பத்திரத்திலிருந்து என்பதை இன்றைய இளைஞர்களும், அவர்களைக் கண்டு பெருமைப்படும் நாமும் ஆற அமரச் சிந்திக்க வேண்டியது அவசியம்.

கோதாவும் கொடையும்

மல்யுத்தம் ஏழையின் வித்தை. ஆயினும் ஏழைக்குக் கட்டுப்படியாகாத வித்தை. மண்ணும் லங்கோடும் இருந்தால் பழகத் தொடங்கலாம் என்பது மெய்யே. ஆனால் பழகுகின்ற தேகத்திற்குப் பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் வேண்டும். காலையும் மாலையும் கோதாவில் உழல்பவன் வேறு தொழில் செய்து பிழைக்க அவகாசம் ஏது? ஆகவேதான் நம் தேசத்துப் பயில்வான்கள் தொன்றுதொட்டு ஒரு பிரபுவின் நிழலில் வளர்ந்தனர். கோலாப்பூர் மன்னர் ஷாஹு மகாராஜா மல்லர்களைப் போஷித்ததோடு நில்லாமல், காஸ்பாக் மைதானமென்னும் பெரிய மல்லரங்கத்தையும் கட்டுவித்தார். 1910-இல் காமா பயில்வான் லண்டன் மாநகருக்குச் சென்று மேனாட்டு மல்லர்களை அறைகூவி அழைத்தாரன்றோ? அந்தப் பிரயாணத்தின் பொறுப்பை ஏற்றவர் சரத்குமார் மித்ரர் என்ற வங்காளத்துத் தனவந்தர். அன்னிய ஆட்சியின் தலைநகரிலேயே இந்தியனின் தோள்வலியை நிலைநாட்டிய பயணத்திற்குப் பின்னாலும் ஒரு பணப்பை இருந்தது.

ஜாதவ் சதாரா ஜில்லாவில் கராட் நகருக்கருகேயுள்ள கோலேஷ்வர் என்ற கிராமத்தில் 1926-இல் பிறந்தவர். தகப்பனாரும் மல்லரே. 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தில், தலைமறைவாயிருந்த தேசபக்தர்களுக்குப் புகலிடம் அளித்தும், கடிதங்களைக் கொண்டு சேர்த்தும் இவர் தொண்டு செய்தாரென்று கூறுவர். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கிற்கு இவரை அனுப்பும் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். மண்ணிலேயே பழகிய கால்கள் அங்கேதான் முதன்முதலாக மெத்தை விரிப்பில் நின்று பொருதன. அப்படியிருந்தும் ஆறாம் இடம் கிடைத்தது.

அதற்கடுத்த ஆண்டு கோலாப்பூர் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. மன்னராட்சி போய் மக்களாட்சி வந்ததைக் குறித்து மகிழாதவர் யார்? ஆனால் மன்னருடைய அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட புதிய சர்க்கார், மன்னர் செய்துவந்த நல்ல கடமைகளையும் ஏற்றுக்கொண்டதா? வரி வசூலிக்கும் உரிமை கை மாறிய அன்றே, வித்தையைக் காப்பாற்றும் கடனும் கை மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை. இடையிலே விழுந்த அந்த வெற்றிடத்தில்தான் ஜாதவ் நின்றார்.

1952-இல் சென்னையில் நடந்த போட்டியில் தமக்கு நியாயமாக வரவேண்டிய புள்ளியொன்றைக் குறைத்துவிட்டார்களென்று ஜாதவ் முறையிட்டார். பாட்டியாலா மகாராஜா அவர் கட்சியைக் கேட்டு, மீண்டும் மோதிப் பார்க்க வழி செய்தார். ஜாதவ் எதிரியை வீழ்த்தித் தமது இடத்தைப் பெற்றார். ஆனால் இடம் கிடைத்தது, வழிச்செலவு கிடைக்கவில்லை. பம்பாய் முதன் மந்திரியாயிருந்த மொரார்ஜி தேசாயிடம் 4,000 ரூபாய் உதவி கேட்டபோது, பந்தயம் முடிந்த பிறகு வந்து பார்க்கும்படி பதில் வந்ததென்று ஜாதவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். பந்தயம் முடிந்த பிறகு அதற்குப் போய்வர எதற்குப் பணம்? ஜாதவின் குடும்பத்தார் ஊரில் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று கையேந்தினர். ஊரார் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். குறைந்ததைக் கர்தேகரின் வீடு நிரப்பிற்று.

ஹெல்ஸிங்கியில் ஜாதவ் கானடா, மெக்ஸிகோ, ஜெர்மனி தேசத்து மல்லர்களை வென்றார். ஜப்பானிய வீரர் ஷோஹாச்சி இஷீயோடு நெடுநேரம் பொருது தோற்றார். அந்த இஷீயே பின்னர் தங்கம் பெற்றவர். ஒரு சண்டைக்கும் மறு சண்டைக்கும் இடையே அரைமணி நேரம் இளைப்பாறுதல் தர வேண்டுமென்பது விதி. அந்த இளைப்பாறுதலின்றியே ஜாதவைச் சோவியத் வீரர் ரஷீத் மமத்பேயோவோடு மோத அழைத்தார்கள். விதியை எடுத்துக் காட்டி வாதாட அங்கே இந்திய அதிகாரி எவரும் இல்லை. களைத்த உடம்போடு இறங்கிய ஜாதவ் தோற்றார். கட்சிக்காரன் கோர்ட்டில் நிற்க, அவனுடைய வக்கீல் வராமற் போன வழக்குகளை நாம் கண்டிருக்கிறோம். வழக்கு நல்லதாயிருந்தும் தீர்ப்பு பாதகமாகிவிடும். ஒரு வீரனை ஆதரிப்பதென்றால் டிக்கட்டு வாங்கிக் கொடுப்பது மட்டுமன்று. அவன் பக்கத்தில் நின்று பேச ஒரு நாவை அனுப்புவதும் அதிற் சேர்ந்ததே.

அவர் ஊர் திரும்பியபோது நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாகச் சென்றன. மாலைகள் குவிந்தன. மாலைகளைக் கழற்றி வைத்த பின் ஜாதவ் செய்த முதற் காரியங்களில் ஒன்று, மல்யுத்தப் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்து, அதில் வந்த பணத்தைக் கொண்டு கர்தேகரின் கடனைத் தீர்த்ததாகும். பின்னர் போலீஸ் இலாகாவில் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். 1984-இல் சாலை விபத்தில் உயிர் நீத்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே அவர் பெயருக்கு வந்தது. மல்யுத்தத்தில் இந்தியாவுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வந்தது 2008-இல், சுசீல்குமார் வாயிலாக. இடையே கழிந்தவை 56 ஆண்டுகள்! அந்த 56 ஆண்டுகளில் ஈடு வைக்க வீடில்லாமல் எத்தனை ஜாதவ்கள் கிராமத்து மண்ணிலேயே தங்கிப் போனார்களோ?

அமெச்சூர் என்னும் சொல்

“பணத்தை விரும்பாமல் விளையாடுகிறவனல்லவா உண்மை வீரன்? அவனுக்குப் பணம் கொடுப்பது அவனைக் கெடுப்பதாகாதா?” என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஒலிம்பிக் பந்தயத்தில் அமெச்சூர்கள் மட்டுமே, அதாவது விளையாட்டினால் ஊதியம் பெறாதவர்கள் மட்டுமே, கலந்துகொள்ளலாமென்று நெடுங்காலம் விதி இருந்தது. கேட்பதற்கு அது தர்ம வாக்கியம் போல ஒலிக்கும். ஆனால் ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் பழகக் கூடியவர் யார்? பரம்பரைச் சொத்துடைய கனவான்களே. அவர்களுக்கு அந்த விதி அலங்காரம். கூலிக்காரன் மகனுக்கு அது தாழ்ப்பாள்.

1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர் அமெரிக்கச் செவ்விந்தியரான ஜிம் தோர்ப். முன்பொரு சமயம் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியதற்காக 1913-இல் அவர் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் மறைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் சென்ற பின், 1982-இல்தான், அவற்றைத் திரும்பத் தர இசைந்தார்கள். தனி வெற்றியாளர் அவரே என்று ஒப்புக்கொள்ள 2022 வரை சென்றது. எவ்வளவு பெரிய தாமதம்! 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் அந்த விதி படிப்படியாகத் தளர்ந்து ஒழிந்தது நன்மைக்கே. இன்று ஊதியத் தொழிலாகக் கொள்ளாமல் மல்யுத்தமோ ஜூடோவோ பழகும் இளைஞன் பிறர் உதவியை ஏற்பதில் இழிவில்லை. தான் சேர்ந்துள்ள சம்மேளனத்தின் விதிகளை முன்கூட்டிப் படித்துக்கொண்டால் போதும்.

இன்றைய நிலை

ஜாதவின் காலத்தைவிட இன்று நிலைமை எவ்வளவோ மேல் என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஒலிம்பிக் பதக்கம் பெறத் தக்கவர்களைத் தேர்ந்து உதவும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2014-இல் ஏற்படுத்தியது. 2018-இல் தொடங்கிய ‘கேலோ இந்தியா’ திட்டத்தில், தேர்ந்தெடுத்த இளம் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வீதம் எட்டாண்டு உதவுவதென்று அறிவிக்கப்பட்டது. 2018-இலேயே டாட்டா மோட்டார்ஸ் கம்பெனி மல்யுத்த சம்மேளனத்தின் பிரதான ஆதரவாளராக முன்வந்தது. கீத் சேத்தியும் பிரகாஷ் படுகோனேயும் தொடங்கிய ‘ஒலிம்பிக் கோல்டு குவெஸ்ட்’ போன்ற தர்ம ஸ்தாபனங்களும் தொண்டு செய்கின்றன.

ஆயினும் இவை யாவும் பெரும்பாலும் அறியப்பட்ட வீரனைத் தேடிச் செல்லும் உதவிகள். அறியப்படுவதற்கு முன்னுள்ள படிகளில் நிற்பவனை யார் தேடுகிறார்? மாகாணப் போட்டியில் வென்று, வெளிநாட்டுப் போட்டியொன்றுக்கு முதன்முறையாக அழைக்கப்படும் பிள்ளைக்குச் சில வேளைகளில் டில்லியிலிருந்து அனுமதிக் கடிதம் வருகிறது. அதிலே “சர்க்காருக்குச் செலவின்றி” என்ற நிபந்தனை கூடவே வருகிறது. தேசத்தின் பெயரை மார்பில் அணியலாம். தேசம் ஒரு காசும் தராது என்பதே அதன் பொருள். அந்தப் பிள்ளையின் தகப்பனார் அன்றிரவு எந்த நகையை எங்கே கொண்டு போகலாமென்று யோசிக்கிறார். 1952-ஆம் ஆண்டு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

கேட்பவருக்குச் சில வார்த்தைகள்

இளைஞர்களே! உதவி கேட்பதற்கு நாணாதீர்கள். ஆனால் இரந்து கேளாதீர்கள். இரப்பவன் தன் துன்பத்தைக் காட்டுகிறான். தக்கவன் தன் காரியத்தைக் காட்டுகிறான். நீங்கள் எழுதும் கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படலாகாது. எந்த வித்தை, எந்த எடைப் பிரிவு, எந்த ஆண்டில் எந்தப் போட்டியில் என்ன இடம் பெற்றீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். தோல்விகளை மறைக்காதீர்கள், ஜாதவ் ஆறாம் இடத்தை மறைத்தாரா? அதன்பின் தொகையைப் பகுத்துக் காட்டுங்கள். பிரயாணம் இவ்வளவு, தங்குமிடம் இவ்வளவு, ஆகாரம் இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, பயிற்சியாளருடைய செலவு இவ்வளவு என்று கணக்கு இருக்க வேண்டும். “தங்களால் இயன்றதைத் தருக” என்று எழுதினால், கொடுப்பவர் தம்மால் இயன்றதில் மிகக் குறைந்ததையே தருவார்.

முதலில் தொலைவிலுள்ள பெரிய கம்பெனியின் கதவைத் தட்டாதீர்கள். உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்களிடம் செல்லுங்கள். படித்த பள்ளிக்கூடம், ஊரிலுள்ள நெல் மண்டி, மருந்துக்கடை, கூட்டுறவுப் பாங்கி, பழைய மாணவர் சங்கம் ஆகியவை பத்துப் பேர் கூடினால் ஒரு பிரயாணத்தை நிறைவேற்ற வல்லவை. கோலேஷ்வர் கிராமத்தின் கடைக்காரர்கள் அதைச் செய்து காட்டினார்கள். திரும்பி வந்தவுடன், வென்றாலும் தோற்றாலும், செலவுக் கணக்கையும் நடந்த விவரத்தையும் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எழுதியனுப்புங்கள். இரண்டாம் முறை கேட்பதற்கு அதைவிடச் சிறந்த சிபாரிசு இல்லை.

பெரிய தொகை வரும்போது ஒப்பந்தமும் வரும். வக்கீலென்ற முறையில் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாதென்பது 1903-இல் பிரிவி கவுன்ஸில் வகுத்த தீர்ப்பு. ஆகவே சிறுவனிடம் கையெழுத்து வாங்க வருகிறவரைப் பெற்றோரிடம் அனுப்புங்கள். இரண்டாவது, காயம் பட்டுப் படுத்தால் பணம் நிற்குமா, தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மல்லனுக்குத் தோள் மூட்டு நழுவுவதும் முழங்கால் நரம்பு அறுவதும் அபூர்வமல்ல. மூன்றாவது, யாருடைய சின்னத்தை எங்கே அணிவதென்பதில் தெளிவு வேண்டும். 2021-இல் வினேஷ் போகாட் மீது சம்மேளனம் நடவடிக்கை எடுத்தபோது காட்டிய காரணங்களில் ஒன்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் அணியின் ஆதரவாளர் தந்த உடையை அணியாமல் வேறு கம்பெனியின் உடையை அணிந்தார் என்பதாகும். இரண்டு ஆதரவாளர்களின் நடுவே வீரன் பந்தாகலாகாது.

நான்காவது, ஒப்பந்தம் முடிந்த பின்னும் உங்களைக் கட்டிவைக்கும் ஷரத்தை ஏற்காதீர்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர்கான் வழக்கில், 2006-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை கூறியது. காலம் முடிந்த பின்னரும், வேறொருவரோடு உடன்படுமுன் பழைய கம்பெனிக்கே முதற் சந்தர்ப்பம் தர வேண்டுமென்ற ஷரத்து, தொழிலுக்குத் தடையாதலால் செல்லாதென்பது அத்தீர்ப்பின் சாரம். ஐந்தாவது, பணத்திற்குப் பதிலாகச் சத்துப்பொடியும் மாத்திரையும் தருகிறோமென்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாயிருங்கள். தேகத்தில் விலக்கப்பட்ட மருந்து காணப்பட்டால், “அறியாமல் உண்டேன்” என்று சொல்வதனால் மட்டும் வீரன் குற்றத்தினின்று விடுபட இயலாது. டப்பா கொடுத்தவர் வீட்டில் இருப்பார். தடையை அனுபவிப்பவர் நீங்கள்.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை

1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் போய், 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் போய், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உடைய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும். கிராமிய விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் அளிக்கும் பயிற்சி அப்பொதுநலத்தில் ஒன்றாகச் சட்ட அட்டவணையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. மாகாணத்தின் சார்பிலோ தேசத்தின் சார்பிலோ போட்டியிடும் வீரருக்கு அயல்நாட்டில் அளிக்கும் பயிற்சியையும் 2021-இல் திருத்திய விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் தன் சரக்கை விளம்பரப்படுத்தும் ஆதாயத்திற்காகத் தரும் பணத்தை இக்கணக்கில் எழுதலாகாதென்று அதே விதிகள் தடுக்கின்றன.

இந்தப் பாகுபாடு மிகவும் போற்றத்தக்கது. விளம்பரத்திற்குக் கொடுப்பது வியாபாரம்; அதில் குற்றமில்லை. அதற்கு வெற்றி பெற்ற முகம் வேண்டும். அறத்திற்குக் கொடுப்பது வேறு. அதற்கு இன்னும் வெற்றி பெறாத முகமே உரியது. நம் தனவந்தர்களோ இரண்டையும் குழப்பி, பதக்கம் வந்த மறுநாள் மோட்டார் வண்டியும் இலட்சங்களும் அறிவித்து, பத்திரிகைக்குப் புகைப்படமும் அனுப்புகின்றனர். பத்திரிகைக்காரராகிய நாமும் அதை முதற் பக்கத்தில் வெளியிடுகிறோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. பதக்கத்திற்குப் பின் தரும் ஒரு கோடியில் நூற்றில் ஒரு பங்கை, பதக்கத்திற்கு முன் பத்துப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொருவரும் ஒரு பிரயாணத்திற்குப் பத்தாயிரம் ரூபாய் துணையோடு புறப்படுவர். தொகை சிறிதுதான், ஆனால் கோலேஷ்வரில் சேர்ந்ததும் சிறு தொகைகளே.

இதைப் படிக்கும் நேயர்களில் பலர் கோடீஸ்வரர்கள் அல்லர், நாமும் அல்லோம். கர்தேகரும் கோடீஸ்வரரல்லர். அவரிடம் இருந்தவை ஒரு வீடும், தம் மாணவனுடைய தோளில் ஒரு நம்பிக்கையும். பந்தயம் முடிந்த பிறகு வந்து பார் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் ஊரில் பொழுது விடியுமுன் எழுந்து பழகும் பிள்ளை யாரென்று விசாரியுங்கள். அவன் அடுத்த போட்டி எங்கே, எப்போது, என்ன செலவு என்று கேளுங்கள். மாலை வாங்க வைத்திருக்கும் பணத்தை இன்றே அவன் கையில் கொடுங்கள். அவன் வென்று வந்தால், மாலைக்கு வேண்டிய பூ ஊரிலேயே கிடைக்கும்.